அய்யனார் தாத்தா போட்ட கடைசி முடிச்சு

தாத்தாவின் மஞ்சள் பையையும் அவரோடு சேர்த்து எரித்துவிடலாம் என்று, பாடையைத் தூக்குவதற்கு முன்னால் யாரோ சொன்னார்கள். "செத்தவரு பொருளு செத்தவரோடவே போவட்டும்" என்று நாலு பேர் தலையாட்டவும் செய்தார்கள். நான்தான் பாய்ந்து பிடுங்கிக்கொண்டேன். அவர் ஞாபகமாக எனக்கு அது ஒன்றாவது இருக்கட்டும் என்று சண்டை பிடித்தேன். சண்டை எனக்குக் கைவந்த கலை. அன்றைக்கு மட்டும் நான் தோற்றிருந்தால், சிதையைச் சுற்றி நின்றவர்களில் எத்தனை பேர் வீடு திரும்பியிருப்போம் என்று இப்போதும் எண்ணிப் பார்க்கிறேன்.

பையை நான் திறந்து பார்க்கவில்லை. அவர் உயிரோடு இருந்தபோது யாரையும் அதைத் தொட விட்டதில்லை. செத்த பிறகு குடைந்து பார்ப்பது சரியில்லை என்று தோன்றியது. நடு வீட்டில் அவர் படத்துக்கு மேலே இருந்த ஆணியில் மாட்டினேன். அதற்கு நேர் கீழே, பதினாறு நாளும் அணையக் கூடாது என்று அம்மா ஒரு விளக்கை ஏற்றி வைத்தாள்.

என் தாத்தா பெயர் அய்யனார். சாகும்போது வயது எழுபத்தெட்டு. கச்சிராயபாளையத்துக்கு மேற்கே, கல்வராயன் மலை இறங்கி முடிகிற இடத்தில் எங்களுக்கு இரண்டரை ஏக்கர் கரும்பு இருக்கிறது. எழுபத்தொன்றாம் வருஷத்துச் சண்டையில் அவர் மேற்கு எல்லையில் இருந்தார். துப்பாக்கி பிடித்ததைவிட அவர் மண்ணில் குப்புறப் படுத்ததுதான் அதிகம். எதிரி புதைத்த கண்ணிவெடியைக் கம்பியால் குத்திப் பார்த்து எடுக்கிற பிரிவு அவருடையது.

அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடினாலும் "வாடி, வாடி" என்று வெற்றிலை கேட்கிற குரலில்தான் கூப்பிடுவார். வீட்டில் நானும் அப்பாவும் போடுகிற கூச்சலுக்கு ஓட்டுக் கூரை பெயராதது அதிசயம். இந்த மனுஷன் எப்படி இப்படி என்று எனக்குப் புரியாது. ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"பட்டாளத்துல சின்னப்பன்னு ஒரு கூட்டாளி, திருக்கோவிலூர்ப் பக்கத்து ஆளு. அவன் கால் வைக்கப் போற எடத்த நான் பாத்துட்டேன். நில்லுடான்னு கத்துனேன். கத்துனா மனுஷன் நிக்கமாட்டாம்மா, பதறிக்கினு ஓடுவான். ஓடுனான்" என்றார். அவ்வளவுதான். சோற்றைப் பிசைய ஆரம்பித்துவிட்டார்.

கடைசி இரண்டு வருஷமாக அவருக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. பொழுது விடிந்ததும் மஞ்சள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, முனையில் சைக்கிள் கம்பி செருகிய தடியோடு கரும்புக் கொல்லையைச் சுற்றி வருவார். வடக்கு வரப்பில் ஆரம்பித்து, மேற்கே திரும்பி, தெற்கு வழியாக மோட்டார் கொட்டகைக்கு வந்து சேருவார். பத்தடிக்கு ஒரு தரம் நின்று, ஓரத்துக் கரும்பின் தோகையை வளைத்து ஒரு முடிச்சுப் போடுவார். பொழுது சாய்வதற்கு முன்னால் அத்தனையையும் அவிழ்த்தும் விடுவார். ஊரே அவரைக் கிண்டல் பண்ணியது. "இன்னா தாத்தா, பாகிஸ்தான்காரன் கரும்புக்குள்ள பூந்துட்டானா?" என்பார்கள். "இன்னும் வரல" என்று சிரித்துவிட்டுப் போவார். நானும் கிண்டல் பண்ணியிருக்கிறேன். வயசானவர் பொழுது போகாமல் தோகையில் முடிச்சுப் போடுகிறார் என்றுதான் நினைத்தேன்.

எனக்குக் கச்சிராயபாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில், கலை என்று என் பெயரிலேயே ஒரு தையல் கடை. போன வருஷம் ஒரு நாள் தாத்தா அங்கே வந்தார். அலமாரியிலிருந்து ஊதா நூல்கண்டை எடுத்து வெகு நேரம் உருட்டிப் பார்த்தார். "இந்த நூல வேற யாருக்குனா குடுத்தியா?" என்றார். அப்பா ஏதோ கட்ட வேண்டும் என்று இரண்டு கண்டு வாங்கிப் போனதைச் சொன்னேன். டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனார். அந்த நூலை யார் மறந்தாலும் நான் மறக்க மாட்டேன். அதில் தைத்த ஜாக்கெட்டெல்லாம் சாயம் போய், பெண்கள் என்னைத் திட்டித் தீர்த்துவிட்டார்கள்.

தை மாதம் ஒரு காலையில் தாத்தா டீ குடிக்க வரவில்லை. அம்மா தேடிப் போனாள். வடக்கு வரப்பு முடிகிற மூலையில், வேப்பமரத்தில் சாய்ந்து, பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். உடம்பு ஜில்லென்று ஆகியிருந்தது. மாரடைப்பு என்றார்கள்.

பதினாலாம் நாள் சாயங்காலம், காரியத்துக்கு உறவுக்காரர்கள் வருவார்களே என்று வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சாமான்களை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் ஆலையிலிருந்து கரும்பு வெட்ட உத்தரவும் வந்திருந்தது. வருஷா வருஷம் வருகிற முனியன் மேஸ்திரி, மலையிலிருந்து எட்டுக் குடும்பத்தோடு மதியமே இறங்கிவிட்டார். மறுநாள் காலை வெட்டு. எப்போதும் போல மேற்கு வரப்புக்கு அந்தப் பக்கம், ஓடையோரம் குடிசை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பையை ஆணியிலிருந்து இறக்கினேன். கனமாக இருந்தது. ஏதோ நாறியது, எலி செத்துக் கிடக்கிறதோ என்று வாயைப் பிரித்தேன். உள்ளே எலுமிச்சம்பழம் அளவுக்கு ஐந்து உருண்டைகள். கருவாட்டு நாற்றம். ஒவ்வொன்றின் மேலும் ஊதா நூல் நெருக்கமாகச் சுற்றியிருந்தது.

எங்கள் பக்கத்தில் அதைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கரும்பைத் தின்ன வரும் காட்டுப்பன்றிக்கு வைக்கிற வெடி அது, அவுட்டுக்காய் என்போம். தீனி என்று பன்றி கடித்தால் வாய் சிதறும். மனுஷன் மிதித்தால் கால் போகும். பதினாலு நாளாக அது எரிகிற விளக்குக்கு மேலே தொங்கியிருக்கிறது. முதல் நாள் அதைச் சிதையில் போடச் சொன்னார்கள்.

பையை அசையாமல் மறுபடி ஆணியில் மாட்டினேன். குனிந்து விளக்கை அணைத்தேன். "அடிப்பாவி, அணைக்கக் கூடாத வெளக்காச்சேடி!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அவளைக் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப் போய் நிறுத்தி, யாரையும் உள்ளே விடாதே என்றேன். பிறகு மாட்டுக் கொட்டகையில் இருந்த அப்பாவிடம் போனேன்.

"ப்பா, தாத்தா பையில வெடி இருக்குது. என் கடை ஊதா நூலு சுத்தியிருக்குது."

என் அப்பா பழனி முரட்டு ஆள். ஊரில் யாருக்கும் அடங்காதவர். அவர் முகம் அப்படி வெளிறி நான் பார்த்ததில்லை. அப்படியே வைக்கோல் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"எங்கப்பனா எடுத்தாரு?"

"வேற யாரு?"

"பன்னி கவ்விக்கினு போய்டுதுன்னு நெனச்சேன் கலை. ரெண்டு வருசமா வெக்கிறேன். ஒரு நாளும் வெடி சத்தம் கேக்கல. காலையில போயி பாத்தா காயும் இல்ல. மருந்து கம்மியா இருக்குது, அதான் வெடிக்கலன்னு ஒவ்வொரு வாட்டியும் ஜாஸ்தி பண்ணிக்கினே வந்தேன்."

மகன் சாயங்காலம் வைத்ததை அப்பன் விடியற்காலையில் எடுத்து, அன்றைக்கே எங்கேயோ அழித்திருக்கிறார். எடுக்க எடுக்க இவர் மருந்தைக் கூட்டியிருக்கிறார். ஒரே வீட்டில், ஒரே பானைச் சோற்றைத் தின்றுகொண்டு இரண்டு பேரும் இரண்டு வருஷம் இதைப் பேசவில்லை. கத்தாமல் இருப்பதும் வாயே திறக்காமல் இருப்பதும் ஒன்றில்லை என்று அந்தக் கிழவனுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

"கடைசியா எப்ப வெச்ச?"

"அவரு செத்ததுக்கு மொத நாளு. அப்புறம் துக்கம், நான் கொல்லப் பக்கமே போவல."

"எத்தினி?"

"ஏழு."

"பையில அஞ்சுதான் இருக்குது."

போலீசுக்குச் சொல்லலாம் என்று போனை எடுத்தேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நாளன்னிக்கு காரியம்மா. கொள்ளி வெச்சவன் நானு. உள்ள தூக்கிப் போட்டுட்டா எங்கப்பனுக்கு யாரு செய்றது? நானே தேடி எடுத்துடறேன்" என்று அழுதார். எனக்கு அவரை அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. போனை இடுப்பில் செருகிக்கொண்டு, முதலில் ஆட்களை நிறுத்தலாம் வா என்று கொல்லைக்கு ஓடினேன். தாத்தாவின் தடியை அப்பா எடுத்து வந்தார்.

வடக்கு வரப்பில் முடிச்சுகள் இருந்தன. காய்ந்து மஞ்சளாகிப் போயிருந்தன. பத்தடிக்கு ஒன்று, பத்தடிக்கு ஒன்று. அப்போதுதான் எனக்கு விளங்கியது. பட்டாளத்தில் கண்ணிவெடி எடுத்த பாதைக்கு இரண்டு பக்கமும் வெள்ளை நாடா கட்டுவோம் என்று அவர் சொல்லியிருக்கிறார். இதுவரைக்கும் பார்த்தாயிற்று, இதுவரைக்கும் பயமில்லை என்பதுதான் ஒவ்வொரு முடிச்சும். தினமும் காலையில் அவர் சுற்றி வந்த பிறகுதான் எங்கள் வரப்பில் நாங்கள் எல்லாம் கால் வைத்திருக்கிறோம்.

வேப்பமரத்தடியில் கடைசி முடிச்சு பாதியில் நின்றது. தோகையை வளைத்திருந்தார், இழுத்து இறுக்கவில்லை. அதற்கு மேல் மேற்கு வரப்பு முழுக்க ஒரு முடிச்சும் இல்லை.

அந்த வரப்பில், எங்களுக்கு முப்பதடி தள்ளி, முனியன் மேஸ்திரியின் மனைவி கொளஞ்சியம்மாள் அடுப்பெரிக்கக் காய்ந்த தோகை உருவிக்கொண்டே போய்க்கொண்டிருந்தாள். குனிகிறாள், ஓரடி வைக்கிறாள், மறுபடி குனிகிறாள். அவள் காலடி மண்ணெல்லாம் சருகு.

அப்பா வாயைத் திறந்தார். அவர் கத்தினால் ஓடைக்கு அந்தப் பக்கம் கேட்கும். பாய்ந்து அவர் வாயைப் பொத்தினேன். மாட்டைக் கூப்பிடுகிற தாத்தாவின் குரல் எனக்கு எங்கிருந்தோ வந்தது.

"கொளஞ்சிக்கா, வெத்தல இருக்குதா?"

"இருக்குது. வாம்மா."

"நீ நகராத. நின்ன எடத்துலயே குந்து. நான் வந்து வாங்கிக்கிறேன், சும்மா ரெண்டு பேச்சு பேசலாம்."

"இன்னாடி புதுசா?" என்று சிரித்துக்கொண்டே அவள் நின்ற இடத்தில் உட்கார்ந்தாள். மடியை அவிழ்த்து வெற்றிலையைத் துடைக்க ஆரம்பித்தாள். அப்பா தடியால் மண்ணைத் தடவிக்கொண்டு, அவள் போன காலடியிலேயே கால் வைத்துப் போனார். முப்பதடி போக எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. அவள் எனக்காக ஒரு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவி முடித்திருந்தாள். அவளுக்கு முன்னால் ஒரு முழம் தள்ளி, சருகை விலக்கியபோது ஊதா நூல் தெரிந்தது.

அப்பா அவள் கையைப் பிடித்து, வந்த வழியே கூட்டி வந்தார். வேப்பமரத்தடிக்கு வந்ததும் அவள் காலில் விழுந்தார். பிறகு என்னைப் பார்த்து, "போன் பண்ணு கலை" என்றார்.

போலீஸ் வந்தது. வீட்டையும் கொல்லையையும் சுற்றிக் கயிறு கட்டினார்கள். பையையும் வரப்பில் கிடந்ததையும் மணல் வாளியில் வைத்து எடுத்துப் போனார்கள். அப்பாவையும் கூட்டிப் போனார்கள். பதினாறாம் நாள் காரியத்தை நானே செய்தேன். பெண்பிள்ளை செய்யலாமா என்று கேட்டவர்களுக்கு என் பாணியில் பதில் சொன்னேன். தாத்தாமேல் எனக்கு அன்பும் கோபமும் சரிசமமாக இருந்தது. பிண்டத்தை வைக்கும்போது, "ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அப்பாகிட்ட சொல்லியிருக்கலாமே தாத்தா" என்று சொல்லித்தான் வைத்தேன்.

ஏழாவது மட்டும் அப்பா வைத்ததாகக் காட்டிய இடத்தில் இல்லை. இரண்டு நாள் கருவியோடு தேடினார்கள். கரும்பு அடர்த்தியாக இருந்ததால் உள்ளே அதிகம் போக முடியவில்லை. "பன்னி கவ்விக்கினு போயிருக்கும்" என்று சொல்லிவிட்டு ஒருவர் வண்டியில் ஏறினார். அப்பா சொன்ன அதே வார்த்தை.

முனியன் மேஸ்திரி ஆட்களோடு வேறு கொல்லைக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆலை உத்தரவு தேதி தாண்டி, கரும்பு பூத்துக் காய்ந்து நிற்கிறது. வெட்டவும் ஆளில்லை, கொளுத்தவும் தைரியமில்லை. பன்றிகள் மட்டும் வந்து போகின்றன.

அப்பா ஜாமீனில் வந்து இருபது நாள் ஆகிறது. விடிந்ததும் தாத்தாவின் தடியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார். ஒரு நாளைக்கு ஒரு சால், இரண்டு கரும்பு வரிசைக்கு நடுவே, உள்ளே போகிறார். பத்தடிக்கு ஒரு முடிச்சு. வீட்டில் எங்கள் இரண்டு பேர் குரலும் இப்போது உயர்வதில்லை. அவர் திரும்பி வருகிறவரைக்கும் நான் மோட்டார் கொட்டகையில் நின்றுகொண்டு, சத்தம் எதுவும் கேட்கக் கூடாது என்று காதைத் தீட்டிக் காத்திருக்கிறேன்.