அய்யனார் கோயில் கற்பூரம்

பக்கத்து வீட்டுப் புதுக் காருக்குப் பூஜை. கற்பூர வாசனை வந்ததும் கீரனூர் கோர்ட்டு ஞாபகம் வந்துவிட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் அது; நான் சின்னப் பிள்ளை. பொதுவாக இருந்த கிணறு முழுக்கத் தனக்கே என்று அப்பாவின் அண்ணன் சாதித்தார். வழக்கு எங்கள் பக்கம்தான் சாய்ந்திருந்தது. அப்பாதான் பொறுக்காமல், "எங்கண்ணன் அய்யனார் கோயில்ல கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணட்டுங்க, கெணத்தை விட்டுடுறேன்" என்று கூண்டிலிருந்தே சொன்னார். அந்தச் சத்தியத்தையே முடிவாக ஏற்க அன்றைய சட்டத்தில் இடமிருந்தது. நீதிபதி ஒப்புக்கொண்டார்.

எங்கள் வக்கீல் தலையில் கைவைத்தார். "செயிக்கிற கேஸைக் கெடுத்துட்டீங்களே!"

"சாமி முன்னாடி எங்கண்ணன் பொய் சொல்லாதுங்க."

அய்யனார் கோயிலில் கோர்ட்டு ஆள் பார்த்து நிற்க, பெரியப்பா எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அமுக்கினார். "கெணறு முழுக்க எனக்குத்தான்" என்று சத்தியம் பண்ணினார்.

திரும்பும் வழியில் கேட்டேன். "பெரியப்பாவுக்குக் கை சுடலையாப்பா?"

"சுடலையே ஆத்தா."

சத்தியத்தின்படியே தீர்ப்பு வந்தது. தண்ணீரில்லாமல் எங்கள் கடலைச்செடி காய்ந்தது. சாமி கேட்கும் என்று அப்பா சாகும்வரை காத்திருந்தார். பெரியப்பா நோய்நொடியில்லாமல் தொண்ணூறைத் தாண்டினார்.

வாசலில் பக்கத்து வீட்டுப் பெண் ஆரத்தித் தட்டை நீட்டுகிறாள். "எடுத்துக்கங்க அத்தை."

சுடருக்கு மேலே கையைக் கொண்டுபோனேன். எனக்குச் சுட்டது.