அக்காவின் இடது கை பிரேக்

அக்காவின் ஸ்கூட்டரில் இடது பிரேக் பிடிக்குக் கிளிப்பச்சை நிறத்தில் ரப்பர் உறை மாட்டியிருக்கும். மழையில் விரல் வழுக்கக் கூடாது என்று அவளே வாங்கி மாட்டியது. கியர் இல்லாத அந்த வண்டியில் இடது பிடியை அழுத்தினால் பின் சக்கரம் நிற்கும், வலது பிடி முன் சக்கரத்துக்கு. முன் பிரேக்கை மட்டும் பிடித்தால் வண்டி வாரிவிடும், அதனால் எந்த அவசரத்திலும் இடது கைதான் முதலில் போக வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். ஆறு வருடம் புவனகிரியிலிருந்து சிதம்பரத்துக்கு, ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்து வேலைக்கு, அப்படித்தான் போய் வந்தாள். வண்டியில் ஒரு கீறல் கிடையாது. ஆயில் மாற்றிய தேதியை, கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதிக்குப் பக்கத்தில் சமையலறைக் காலண்டரில் எழுதி வைப்பாள்.

அக்கா வீட்டுக்காரரிடம், அதாவது மாமாவிடம், பழைய கியர் ஸ்கூட்டர் ஒன்று இருந்தது. காலையில் அதை ஒரு பக்கமாகச் சாய்த்து நிமிர்த்தி ஒரே உதையில் கிளப்புவதில் அவருக்கு அத்தனை பெருமை. முட்டி வலி வந்தது, பெருமை போயிற்று. ஒரு திங்கட்கிழமை, ஒரு வார்த்தை கேட்காமல், அக்காவின் சாவியை எடுத்துக்கொண்டார். "எனக்கு ஒதைக்க முடியல. நீ அத எடுத்துக்கினு போ. எல்லாம் வண்டிதான்."

எல்லாம் வண்டிதானாம்! அவருடைய வண்டியில் இடது கையில் இருப்பது கிளட்ச். பின் பிரேக் வலது காலடியில். அக்கா எனக்குப் போன் செய்தாள். "தம்பி, பயமா இருக்குடா. இத ஓட்டலாமா?" நான் அப்போது கடலூரில் ஆபீஸில் இருந்தேன். இரண்டு வகை வண்டியும் ஓட்டியவன். மாமாவிடம் பேசி எதற்கு வீண் மனஸ்தாபம் என்று, "ரெண்டு நாள்ல பழகிடும்க்கா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

நான்காம் நாள், வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டியதும், முன்னால் போன கரும்பு டிராக்டர் சட்டென்று நின்றது. அக்காவின் இடது கை, நான் சொல்லிக் கொடுத்தபடி, முதலில் போனது. உள்ள பலத்தையெல்லாம் கொடுத்து அழுத்தியிருக்கிறாள். கிளட்சை அழுத்தினால் வண்டி எப்படி நிற்கும்? இன்ஜினின் பிடியும் விட்டுப்போய் இன்னும் தாராளமாகத்தான் ஓடும். நேராகப் போய் மோதினாள். இடது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. கட்டுப் பிரிப்பதற்குள் அவள் வேலைக்கு வேறு ஒரு பெண் வந்துவிட்டாள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். மாமா அதை வேடிக்கைக் கதையாக ஆக்கியதைத்தான் பொறுக்க முடியவில்லை. குறிஞ்சிப்பாடியில் ஒரு கல்யாணப் பந்தியில், இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, "கிளட்சப் புடிச்சிக்கினு பிரேக்கு புடிக்கலன்னு சொல்றா, இவளுக்கெல்லாம் வண்டி" என்றார். வரிசையே சிரித்தது. பரிமாறிக்கொண்டிருந்த அக்காவும் சிரித்தாள். நானும் சிரித்தேன். இதை எழுதும்போது அவரை விட என் மேல்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

போன மாதம் மாமாவே போன் செய்தார். "மச்சான், ஒங்க அக்கா வண்டி பிரேக்கு புடிக்க மாட்டேங்குது. வந்து பாருங்களேன்." போய்ப் பார்த்தேன். இரண்டு வருடமாகச் சர்வீஸ் என்ற பேச்சே இல்லை. ஆயில் தார் மாதிரி இருந்தது. பிரேக் கட்டை தேய்ந்து, இடது பிடி ஹேண்டிலைப் போய்த் தொட்டது. பச்சை உறை பாதி கிழிந்து தொங்கியது. அவ்வளவு சுத்தமாக இருந்த வண்டி. வாசலிலேயே உட்கார்ந்து புதுக் கட்டை போட்டேன், கேபிள் மாற்றினேன், ஆயில் மாற்றினேன். அக்கா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிந்ததும் மாமா சாவிக்குக் கை நீட்டினார். நான் அக்காவிடம் கொடுத்தேன்.

"அவகிட்ட எதுக்கு மச்சான்? கிளட்சு எது, பிரேக்கு எதுன்னு தெரியாதவ."

"அவ பிரேக்கத்தான் மாமா புடிச்சா! ஆறு வருசம் அவ கைக்கு அதான் பிரேக்கு. அங்க கிளட்ச வச்சி அனுப்புனது நீங்க. தெரிஞ்சே பழகிடும்னு சொன்னவன் நானு. தப்பு நம்ம ரெண்டு பேரோடது. இனிமே எவனாவது சிரிச்சிப் பாக்கட்டும்!"

தெருவுக்கே கேட்டிருக்கும். மாமா உள்ளே போய்விட்டார். அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுவாள் என்றுகூட நினைத்தேன். அவள் அழவில்லை.

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமேடா" என்றாள்.

அவள் வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, நாலடி உருட்டினாள். முழுதாக மடங்காத அந்தக் கையால் கிழிந்த பச்சை உறையைப் பற்றி அழுத்தினாள். வண்டி அங்கேயே நின்றது.