வெறும் ஏனம்

எனக்கு வாய் நீளம் என்று என் வீட்டுக்காரர் இப்போதும் சொல்வார். சொல்லிவிட்டுப் போகட்டும். ஆனால் அந்த வாயால் ஒரு குடும்பத்தையே நான் ஒரு நாள் பட்டினி போட்டேன் என்பது அவருக்குத் தெரியாது. யார் குடும்பத்தையோ அல்ல, என் சொந்தக் குடும்பத்தைத்தான்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அறுபதுகளின் நடுவில், ரேஷன் கடையில் அரிசிக்கு வரிசை நின்ற காலம். கோட்டையூரில் பெரிய பெரிய செட்டியார் வீடுகளெல்லாம் முடிந்து ஓட்டு வீடுகள் தொடங்குகிற இடத்தில் எங்கள் தெரு இருந்தது. அப்பா தச்சாசாரி. நிலைக்கதவு வேலை என்றால் எங்கப்பாவைத்தான் கூப்பிடுவார்கள் என்று நான் பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டு திரிந்தேன். உண்மையில் நாலைந்து பேரைக் கூப்பிடுவார்கள், அதில் அப்பாவும் ஒருவர்.

ஒரு வீட்டில் உத்தரம் மாற்றும்போது சாரம் சரிந்து அப்பா கீழே விழுந்தார். வலது கை எலும்பு முறிந்துபோனது. எலும்பு கட்டுகிற வைத்தியர் முட்டை வெள்ளைக்கருவைத் தடவி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, ஒரு மண்டலம் கையை அசைக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். ஒரு மண்டலம் என்றால் நாற்பத்தெட்டு நாள். அன்றாடக் கூலியில் அடுப்பெரிகிற வீட்டில் அது எவ்வளவு பெரிய காலம் என்று எனக்கு உறைக்கவில்லை. அப்பா பகலிலும் வீட்டில் இருக்கிறார் என்பதே எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது.

இரண்டாவது வாரம் அம்மாவின் காதில் தோட்டுக்குப் பதில் வேப்பங்குச்சி இருந்தது. மூன்றாவது வாரம் கண்டரமாணிக்கத்திலிருந்து ஓர் ஆசாரி வந்தார். அவர் பத்துப் பேரைக் கூலிக்கு வைத்து வேலை எடுத்துச் செய்கிறவர். அப்பாவின் உளிப்பெட்டியைத் திறந்து ஒவ்வோர் உளியாக எடுத்து விரலில் வைத்துப் பதம் பார்த்தார். சும்மா கிடந்தால் துருப்பிடித்துவிடும், நல்ல விலை தருகிறேன், கை சரியானதும் என்னிடமே வேலைக்கு வந்துவிடலாம் என்றார். அப்பா கட்டுப்போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா வந்து பெட்டியை மூடினாள். "பெட்டி இந்த வாசலைத் தாண்டாதுண்ணே. தாண்டுனா அவுக தோள்லதான் தாண்டும். தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றாள்.

பெட்டி போய்விட்டால் அப்பா ஆயுசுக்கும் அடுத்தவர் உளியைப் பிடிக்க வேண்டியதுதான். அம்மா அதற்கு ஒப்ப மாட்டாள். அதே அம்மா யாரிடமும் கைநீட்டவும் மாட்டாள். இரண்டு பிடிவாதமும் ஒரே வீட்டில் எப்படிக் குடியிருக்கும் என்று யாரும் அவளிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் விளக்குமாறுதான் வந்திருக்கும்.

எங்கள் எதிர்வீடு விவசாயக் குடும்பம். சாதியில் முறை கிடையாது என்றாலும் தெருவில் முறை உண்டு. அந்த வீட்டுக்காரியும் அம்மாவும் ஒருவரையொருவர் மதினி என்று கூப்பிட்டுக்கொள்வார்கள், எனக்கு அவள் அயித்தை. அவள் ஒரு நாள் ஓர் ஏனத்தில் அரிசிக் குருணை கொண்டு வந்தாள். பாத்திரத்தை எங்கள் பக்கம் ஏனம் என்போம். அம்மா சிரித்துக்கொண்டே, "வீட்டுல இருக்கு மதினி" என்று அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டாள். வீட்டில் இருந்தது என்னவென்று எனக்கல்லவா தெரியும்!

அயித்தை மறுநாள் காலையில் அதே ஏனத்தோடு, அதே குருணையோடு வந்து நின்றாள்.

"மதினி, உங்க வீட்டு முருங்கைக் கீரை கொஞ்சம் வேணும். எங்க வீட்டுல அவுகளுக்குக் கண்ணு எரிச்சலாம். வெறும் ஏனத்தோட வந்தா ஆகாதுல்ல, அதான் இதைக் கொண்டாந்தேன்."

பலகாரம் வந்த ஏனத்தை வெறுமனே திருப்பக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஒன்றுமே இல்லையென்றால் ஒரு கை சீனியாவது போட்டுத்தான் அனுப்புவோம். ஆனால் ஒரு பொருளைக் கேட்டு வருகிறவள் ஏனத்தை நிரப்பிக்கொண்டு வர வேண்டும் என்று அதுவரை எந்த ஊரிலும் வழக்கம் கிடையாது. அம்மா அயித்தையை நெடுநேரம் பார்த்தாள். பிறகு குருணையைக் கொட்டி வைத்துக்கொண்டு, கிணற்றடி முருங்கையில் ஒரு கொப்பை ஒடித்து ஏனம் வழிய வழியக் கீரை போட்டுக் கொடுத்தாள்.

அவ்வளவுதான், எங்கள் முருங்கைக்கு மவுசு வந்துவிட்டது! அயித்தை ஒரு நாள் கேப்பை மாவு கொண்டு வருவாள். கோடி வீட்டுப் பெரியம்மா துவரம்பருப்போடு வருவாள். பெரிய வீட்டு ஆச்சிக்குக்கூட எங்கள் கீரைதான் ஒத்துக்கொள்கிறதாம், தூக்குச் சட்டியில் நொய்யரிசி போட்டு வேலைக்காரியிடம் கொடுத்துவிட்டார். இது சாதாரண முருங்கை இல்லை, தனிச்சாதி என்று நான் முடிவு கட்டிவிட்டேன். பறிப்பது, உருவுவது, வாழைநாரில் ரெட்டை முடிச்சுப் போட்டுக் கட்டுவது எல்லாம் என் பொறுப்பு. மூன்று குடம் தண்ணீர் மரத்துக்கு ஊற்றிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவேன். "கீரை ஆபீசர் வாராக, வழி விடுங்கப்பா" என்று அப்பா கட்டிலில் இருந்தபடி கேலி செய்வார். எனக்குப் பெருமை தாங்காது.

நாற்பத்தேழாம் நாள் சாயந்திரம் அயித்தை வீட்டு ஏனம் ஒன்றைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். முன்வாசலில் யாரும் இல்லை. கொல்லையில் ஏதோ சத்தம் கேட்டதால் அங்கே போனேன். முட்டுகிற வெள்ளாடு ஒன்று அங்கே உண்டு என்ற பயத்தில் அதுவரை நான் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

வெள்ளாடு நின்றது. அதன் முன்னால் ஒரு கட்டுக் கீரை கிடந்தது. வாழைநார், ரெட்டை முடிச்சு. என் முடிச்சு! ஆடு நிதானமாக, கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு மென்றுகொண்டிருந்தது. அது போதாதென்று ஆட்டுக்குப் பின்னால் ஒரு முருங்கை மரம், எங்கள் மரத்தைப்போல இரண்டு மடங்கு, இலை ஒன்றுகூடக் குறையாமல் தழைத்து நின்றது.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. அடியாத்தீ, என்ன கெட்டிக்காரத்தனம்! தன் மரத்துக் கீரையைப் பத்திரப்படுத்திக்கொண்டு, கண் எரிச்சல் என்று பொய் சொல்லி, எங்கள் கீரையை வாங்கி வந்து ஆட்டுக்குப் போடுகிறாளே! ஏனத்தை அங்கேயே வைத்துவிட்டு ஓடி வந்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. இதை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று இருந்தது.

மறுநாள் அப்பாவின் கட்டைப் பிரிக்கிற நாள். அம்மாவும் அப்பாவும் விடிந்ததும் வைத்தியர் ஊருக்கு பஸ் ஏறினார்கள். தம்பியைப் பார்த்துக்கொள், யாராவது ஏனத்தோடு வந்தால் வாங்கி வைத்துக்கொண்டு கீரை கொடு என்று அம்மா இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போனாள்.

அயித்தை வந்தாள். ஏனத்தில் கேப்பை மாவு இருந்தது. நான் கதவுக்குக் குறுக்கே கையை விரித்து நின்றேன்.

"கீரை கெடையாது. உங்க வீட்டு மரத்துல பறிச்சுக்கங்க."

"என்னத்தா சொல்ற?" என்றாள் அயித்தை.

"நேத்து நான் பாத்தேன். எங்க கீரைய ஆட்டுக்குப் போடுறீக! நாங்க தண்ணி ஊத்தி வளக்குறது உங்க ஆட்டுக்கா?"

அவள் முகம் சிறுத்துவிட்டது. திட்டுவாள் என்று நினைத்தேன். "சரித்தா, கீரை வேணாம். இந்த மாவை மட்டும் வாங்கி உள்ள வையி" என்றாள், மெதுவாக.

"சும்மா வாங்க மாட்டோம். எங்கம்மா வைவாக" என்றேன். அம்மாவின் குரலிலேயே சொன்னேன் என்று எனக்குள் ஒரு திருப்தி. அயித்தை ஏனத்தோடு திரும்பிப் போனாள். அதோடு விட்டேனா? பின்னால் வந்த கோடி வீட்டுப் பெரியம்மாவையும், ஆச்சி வீட்டு வேலைக்காரியையும் ஒரே கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பினேன். உங்கள் வீட்டிலும் ஆடு இருக்கிறதா என்று!

மத்தியானம் அடுக்குப்பானையில் கைவிட்டுப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. தம்பிக்குக் கருப்பட்டித் துண்டு ஒன்றைக் கொடுத்துத் தண்ணீர் குடிக்க வைத்தேன். அவன் அழுது அழுது தூங்கிப்போனான். எனக்கும் வயிறு காந்தியது. ஆனாலும் நியாயம் என் பக்கம்தான் என்று வீம்பாக உட்கார்ந்திருந்தேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் அவர்கள் வந்தார்கள். அப்பாவின் கையில் புதுக் கட்டு. எலும்பு சரியாகக் கூடவில்லை, இன்னொரு மண்டலம் ஆகும் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அப்பா கட்டிலில் உட்கார்ந்து, யார் முகத்தையும் பார்க்காமல், "நாளைக்குக் கண்டரமாணிக்கத்துக்குச் சொல்லி விடுறேன். பெட்டிய எடுத்துக்கட்டும். பிள்ளைக வயித்தப் பாக்கணும்ல" என்றார். கேலி பேசாத அப்பாவை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அம்மா அடுக்களைக்குள் போனாள், வெளியே வந்தாள். "இன்னிக்கு யாருமே வரலையா?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். ரெட்டை முடிச்சிலிருந்து ஆரம்பித்து, நான் பேசிய பேச்சு ஒன்றுவிடாமல், கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். முடித்ததும் அடி விழும் என்றோ, பாராட்டு விழும் என்றோ காத்திருந்தேன். இரண்டும் விழவில்லை. அம்மா தொரட்டியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். முருங்கையின் உச்சியில் மிச்சமிருந்த இரண்டு கொப்புகளையும் இழுத்து ஒடித்தாள். மரம் மொட்டையாகிவிட்டது. கீரையை முந்தானையில் அள்ளிக்கொண்டு, மற்றொரு கையால் என் கையைப் பிடித்து, "வாடி இங்குட்டு" என்று இழுத்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். சண்டைக்குத்தான் போகிறோம் என்று நான் உற்சாகமாகவே நடந்தேன்.

அயித்தை வாசலில் இருந்தாள். "வாங்க மதினி" என்றாள்.

அம்மா முந்தானையை அவிழ்த்துக் கீரையைக் கீழே வைத்தாள். "இது உங்க ஆட்டுக்கு மதினி."

"ஐயோ, சின்னப்பிள்ள ஏதோ தெரியாம..."

"அவளை விடுங்க. உங்க கொல்லையில மரம் நிக்கிறது எனக்குத் தெரியாதா? போன வருசம் காய் பறிச்சுக் குடுத்தீகளே. எல்லாம் தெரிஞ்சுதான் இத்தனை நாளா வாங்கிக்கிட்டு இருந்தேன்." அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "இன்னிக்கு வைத்தியர் இன்னொரு மண்டலம்னு சொல்லிட்டாரு. இவுக பெட்டிய வித்துருவோம்னு சொல்றாக. நான் விக்க விட மாட்டேன் மதினி. அதனால வாய விட்டே கேக்குறேன். அவுக கை கூடுற வரைக்கும் எங்க கஞ்சிக்குப் பாத்துக்கங்க."

அம்மா யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. எனக்கு அவமானமாகிவிட்டது. தப்பு செய்தவள் அயித்தை, நாம் ஏன் கெஞ்ச வேண்டும் என்று அம்மா மேலேயே கோபம் வந்தது.

அயித்தை குனிந்து கீரையை அள்ளினாள். "கேக்குறதெல்லாம் எதுக்கு? நீங்க கீரையக் குடுத்தாப் போதும். அந்தச் சனியன் இப்ப வேற எதையும் தொடமாட்டேங்குது மதினி. புண்ணாக்க வச்சா மூஞ்சியத் திருப்பிக்குது. அம்புட்டு ருசி காட்டி வச்சிட்டீக."

அம்மா சிரித்துவிட்டாள். அயித்தையும் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க இரண்டு பேரும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கொல்லையில் ஆடு வேறு கத்தியது. அயித்தை உள்ளே போய் ஓர் ஏனத்தை எடுத்து வந்தாள். காலையில் நான் திருப்பி அனுப்பிய அதே ஏனம். மாவைக் கொட்டாமல் தட்டுப்போட்டு மூடி அப்படியே வைத்திருந்தாள்.

அன்றிரவு கேப்பைக்கூழை மூன்று தரம் வாங்கிக் குடித்தேன். வீம்பு வேறு, வயிறு வேறு.

பிறகு நடந்ததுதான் கூத்து. எங்கள் மரம்தான் மொட்டையாகிவிட்டதே, அயித்தை என்ன செய்தாள் தெரியுமா? தன் மரத்துக் கீரையைத் தானே பறித்து, மாவுக்கு மேல் வைத்து எங்கள் வீட்டுக்குக் கொண்டு வருவாள். அம்மா மாவைக் கொட்டிக்கொண்டு, அதே கீரையை அதே ஏனத்தில் போட்டுத் திருப்பிக் கொடுப்பாள். நடுவில் நான் ரெட்டை முடிச்சுப் போட வேண்டும். இரண்டு பேரும் கொஞ்சம்கூடச் சிரிக்காமல் இதைச் செய்வார்கள். கோடி வீட்டுப் பெரியம்மாவும் அப்படியே கீரையோடு வர ஆரம்பித்தாள். பெரியவர்களுக்கு ஏதோ கழன்றுவிட்டது என்று நான் தம்பியிடம் ரகசியமாகச் சொன்னேன்.

எங்கள் மரம் மறுபடி துளிர்த்து நின்றபோது அப்பாவின் கட்டு பிரிந்தது. கை கொஞ்சம் கோணல்தான். ஆனால் பிடியில் உளி நின்றது. பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகச் சாணை பிடித்தார். முதல் வேலை எந்தப் பெரிய வீட்டில் என்று நான் ஆவலாகக் காத்திருந்தேன். அப்பா எங்கும் போகவில்லை. மிச்சம் கிடந்த தேக்குத் துண்டுகளை எடுத்துவந்து, நான்கு நாள் முற்றத்தில் உட்கார்ந்து, தீவனம் வைக்கிற தொட்டி ஒன்று செய்தார். முன்பலகையில் தாமரைப்பூ. செட்டியார் வீட்டு நிலையில் வைக்கிற அதே பூ, இதழ் இதழாக. கையை அடிக்கடி உதறிக்கொண்டே செதுக்கினார்.

"யாருக்குப்பா இது?"

"எதிர்வீட்டு ஆட்டுக்கு, ஆபீசர்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஆட்டுக்கா? நம்ம கீரையெல்லாம் தின்ன ஆட்டுக்கா? தேக்குல, பூவெல்லாம் போட்டு?"

"அதுக்குச் செய்யாம வேற யாருக்குத்தா செய்யச் சொல்ற?" என்று சொல்லிவிட்டு அப்பா இதழை ஊதித் தூசு தட்டினார்.

தொட்டியை அம்மாதான் தூக்கிக்கொண்டு போனாள். வெறும் தொட்டியாகக் கொண்டுபோனால் ஆகாது என்று நிறையக் கீரை போட்டிருந்தாள். நான் கூடப் போக மாட்டேன் என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டேன். அந்த ஆடு இரண்டரை மாதம் எங்கள் கீரையைத் தின்றது என்பதுதான் எனக்குத் தெரியும். அது தின்றதால்தான் நாங்கள் சாப்பிட்டோம் என்பது தெரியாது.