முன் டயர் மேல் வைத்த சாவி

1. எங்கே கொண்டுபோவான்

"சுத்திக் கடல். திருடினவன் வண்டிய எங்க கொண்டுபோவான் மிஸ்திரி?"

போர்ட் பிளேரில், டெலானிபூர் ஏற்றத்தில் ஒர்க்‌ஷாப் திறந்த காலத்திலிருந்து இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. நான் ஆட்டோ எலக்ட்ரீஷியன். வண்டியின் வயரிங், லாக், சாவி, அலாரம் எல்லாம் என் கை வேலை. தமிழர், வங்காளி, தெலுங்கர், மலையாளி என்று எல்லாரும் வருவார்கள். எல்லாருக்கும் பொதுவாகத் தீவு இந்தி ஒன்று உண்டு. அதே மாதிரி பொதுவான ஒரு நம்பிக்கையும் உண்டு. போர்ட் பிளேரில் காடி, அதாவது வண்டி, திருட்டுப் போகாது என்பதுதான் அது.

அதனால் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கடைக்குப் போவார்கள். ஏசி நின்றுவிடும் என்று இன்ஜினை ஓடவிட்டு இறங்கி மீன் பேரம் பேசுவார்கள். ஸ்பேர் சாவியை வண்டியின் டேஷ்போர்டுக்குள்ளேயே போட்டு வைத்திருப்பார்கள். வண்டிக்குள் கிடக்கிற ஸ்பேர் சாவி யாருக்கு உதவும் என்று கேட்டால் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. இப்போதெல்லாம் பதில் சொல்லவும் அலுப்பாக இருக்கிறது. இளம் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வருவதால் ஒரு தடவை எழுதிவைத்துவிடுகிறேன்.

திருடன் வண்டியை எங்கேயும் கொண்டுபோக வேண்டாம். பிரித்தால் போதும். இங்கே ஒரு ஃபியூஸ் பாக்ஸ் கெட்டால் புதுசு சென்னையிலிருந்து கப்பலில் வர வேண்டும். கப்பல் எப்போது கிளம்பும், கடல் எப்படி இருக்கும், யாருக்கும் தெரியாது. அதுவரை வண்டி நிற்கும். நிற்கிற வண்டிக்காரனுக்குப் பொறுமை கிடையாது. "பழசு இருந்தாலும் பரவாயில்ல, எங்கயாச்சும் பாத்துப் போடுங்க" என்பான். எந்த வண்டியில் கழற்றியது என்று அவனும் கேட்க மாட்டான், விற்கிறவனும் சொல்ல மாட்டான். முழு வண்டியை இந்தத் தீவில் ஒளிக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் ஃபியூஸ் பாக்ஸை ஒரு அரிசிச் சாக்குக்குள் போட்டு எடுத்துப்போகலாம்.

2. கையால் ஓட்டுகிற கார்

தங்கவேல் கட்சால் தீவில் பிறந்தவர். அவருடைய பெற்றோர் இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து வந்து, கட்சால் ரப்பர் தோட்டத்தில் குடியேறியவர்கள். சுனாமியில் தங்கவேலுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. பிறகு போர்ட் பிளேருக்கு வந்தார். மனைவி சரோஜா இட்லி மாவு அரைப்பார். இவர் கொண்டுபோய்க் கடைகளுக்குப் போடுவார். எங்கள் பகுதி முழுக்க மேடும் பள்ளமும். இரண்டு காலும் நன்றாக இருக்கிறவனுக்கே மாவு வாளியைத் தூக்கி ஏறினால் மூச்சு வாங்கும். பொய்க்கால் போட்டவர் எத்தனை நாளைக்குத் தூக்குவார்.

அதனால்தான் ஒரு பழைய கார் வாங்கினார். கிளட்ச் இல்லாத வண்டி. அதில் கையால் ஓட்டுகிற லிவர் செட் ஒன்றை நான் மாட்டிக்கொடுத்தேன். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும். இழுத்தால் ஆக்சிலேட்டர், தள்ளினால் பிரேக். தங்கவேலின் கை நீளம், உட்காரும் உயரம் எல்லாம் அளந்து அனுப்பி, சென்னையில் சொல்லிச் செய்து கப்பலில் வந்த சாமான். அதை முதல் தடவை தள்ளி வண்டியை நிறுத்தினபோது மனிதர் அழுதுவிட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சீட் பெல்ட்டைப் போடு என்று அதட்டினேன்.

கூடவே ஒரு ரகசிய சுவிட்சும் வைத்தேன். பெட்ரோல் பம்புக்குப் போகிற லைனை ஃபியூஸ் பாக்ஸ் பக்கத்தில் வெட்டி, நடுவில் சுவிட்ச். அதை ஆஃப் செய்துவிட்டால் சாவி இருந்தாலும் வண்டி ஓடாது.

"சரோஜாவத் தவிர யாருக்கும் காட்டாத" என்றேன்.

மறுநாள் டீக்கடை வாசலில் நாலு பேரைக் கூட்டி வைத்து அதைத்தான் காட்டிக்கொண்டிருந்தார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"என்னப்பா தங்கவேலு, ரகசியம்னா உங்க ஊர்ல இதான் அர்த்தமா?"

"பெருமையா இருந்துச்சுதானே அண்ணே."

அந்த முகத்தைப் பார்த்து என்ன திட்டுவது. வண்டியை உள்ளே விடச் சொல்லி சுவிட்சை வேறு இடத்துக்கு மாற்றினேன். வயர் சேர்த்த இடத்தில் எப்போதும் போல டேப் சுற்றி, மேலே தூண்டில் நரம்பால் கட்டினேன். இங்கே உப்புக் காற்றில் டேப்பின் பசை சீக்கிரம் விட்டுவிடும். அதனால் நான் மீன் பிடிக்கிற நைலான் நரம்பை மூன்று சுற்றுச் சுற்றி, என் அப்பா வலைக்குப் போடுகிற முடிச்சைப் போட்டுவிடுவேன். மற்ற மெக்கானிக்குகள் இதைப் பார்த்துக் கிண்டல் செய்வார்கள்.

இன்னொன்றையும் தங்கவேல் நம்பிக்கொண்டிருந்தார். "இந்த வண்டிய வேற யாரண்ணே ஓட்ட ஏலும்?" என்பார். லிவர் மாட்டினாலும் கீழே பெடல் இரண்டும் அப்படியே வேலை செய்யும், யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று பல தடவை சொன்னேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

3. குனிந்தால் போதும்

பழைய பொய்க்கால் தேய்ந்து புண்ணாக்கத் தொடங்கியது. புதுக் கால் அளவெடுக்க தங்கவேலும் சரோஜாவும் மெயின்லேண்டுக்குக் கிளம்பினார்கள். கப்பல் தேதி தள்ளித் தள்ளிப் போய், ஒரு நாள் திடீரென்று இன்றைக்கே ஏறச் சொல்லிவிட்டார்கள். வண்டியைப் பார்த்துக்கொள்ள வேண்டிய சகலை குமார் இன்னொரு தீவில், ஹட் பேயில் இருந்தார். அவர் வர வேண்டிய போட் இன்னும் வரவில்லை.

இந்த மாதிரி நேரத்தில் இங்கே எல்லாரும் செய்வது ஒன்றுதான். துறைமுகத்துக்கு வெளியே வண்டியை ஓரமாக விடுவது, குனிந்து முன் டயர் மேல் சாவியை வைப்பது, உறவுக்காரனுக்குப் போன் செய்துவிட்டுக் கப்பல் ஏறுவது. டாக்டர், வாத்தியார், கான்ட்ராக்டர் யாரும் விதிவிலக்கு இல்லை. தங்கவேலும் அதையே செய்தார். குமாருக்குச் சிரமம் வேண்டாம் என்று, நான் இடம் மாற்றி வைத்த சுவிட்சையும் ஆனிலேயே விட்டுவிட்டார்.

குமார் வந்து போன் செய்தார்.

"மிஸ்திரி, காடிய நீங்க எடுத்துட்டுப் போனீங்களா?"

"நான் ஏன்யா எடுக்கிறேன்?"

"அப்ப காடி இல்ல. ச்சாபியும் இல்ல, டயர் மேல தடவிப் பாத்துட்டேன்."

இரண்டு பேரும் தானாவுக்குப் போனோம். இங்கே போலீஸ் ஸ்டேஷனைத் தானா என்றுதான் சொல்வது. அங்கே உட்கார்ந்திருந்தவர் எங்களைத்தான் சமாதானம் செய்தார். "அரே, டென்ஷன் மத் லோ. ரிஷ்தேதார் யாராச்சும் எடுத்துட்டுப் போயிருப்பான். முதல்ல மாலிக்கைக் கேளுங்க" என்றார். கவலை வேண்டாம், உறவுக்காரன் எவனாவது எடுத்திருப்பான், வண்டிச் சொந்தக்காரனைக் கேளுங்கள் என்கிறார். சொந்தக்காரனோ நடுக்கடலில். கப்பல் கரையை நெருங்கும் வரை போனில் சிக்னல் கிடையாது. தங்கவேல் சென்னையில் இறங்கிப் பேசிய பிறகுதான் கம்ப்ளெயிண்ட் எழுதினார்கள். திருடனுக்கு அத்தனை நாளும் லாபம். துறைமுக வாசலில் சும்மா திரிகிற இரண்டு பேருக்கு யார் குனிகிறார்கள் என்று பார்ப்பதுதான் வேலை என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

தங்கவேல் போனில் சத்தம் போடவில்லை. மெதுவாகக் கேட்டார்.

"ஒரு கால் வாங்கத்தானே அண்ணே வந்தேன். அங்க ஒரு கால் போயிட்டுதா?"

தேடிக்கொண்டிருக்கிறோம் என்று மட்டும் சொன்னேன்.

4. என் முடிச்சு

கொஞ்ச வாரம் கழித்துப் பாஸ்கர் என்கிற கான்ட்ராக்டர் தன் காரைக் கொண்டுவந்து விட்டார். தங்கவேலின் கார் மாடல்தான். ஸ்டார்ட் ஆகிறது, சிறிது தூரம் ஓடி நின்றுவிடுகிறது என்றார். பெட்ரோல் பம்புக்குக் கரண்ட் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. ஃபியூஸ் பாக்ஸைத் திறந்தேன். பம்ப் லைனில் வெட்டிய இரண்டு வயர் முனையை யாரோ வெறும் கையால் முறுக்கி விட்டிருந்தார்கள். உப்பு ஏறிப் பச்சையாக இருந்தது. கொஞ்சம் தள்ளி டேப்பின் மேல் தூண்டில் நரம்பு. மூன்று சுற்று. என் அப்பாவின் முடிச்சு.

கொஞ்ச நேரம் அதைப் பிடித்துக்கொண்டே நின்றேன். கோபத்தை விட அலுப்புதான் அதிகமாக வந்தது.

"பாஸ்கர் சார், இந்த பாக்ஸ் எங்க வாங்கினீங்க?"

"டவுனுக்கு வெளிய ஒரு கேரேஜ்ல. என்னோடது உப்புல போயிருச்சு. புதுசுக்குக் கப்பல் வரணும்னாங்க. பழசு ஒண்ணு உடனே இருக்குன்னான், போடச் சொன்னேன்."

"எந்த வண்டியில கழட்டினதுன்னு கேட்டீங்களா?"

"அதெல்லாம் யாருங்க கேப்பா? நான் என்ன திருடனா?"

"நீங்க திருடன் இல்ல சார். திருடன் உங்களுக்காகத்தான் கழட்டினான்."

பாஸ்கருக்கு முகம் சுருங்கிவிட்டது. சட்டென்று கிளம்பப் பார்த்தார். ஒற்றைக் காலில் மாவு போடுகிற தங்கவேலைத் தெரியுமா என்று கேட்டேன். தெரியும், தன் வீட்டிலும் அந்த மாவுதான் என்றார். இது அவர் வண்டியில் கழற்றியது என்றேன். நான் கூப்பிடாமலே தானாவுக்குக் கூட வந்தார். தன் வண்டி நாள் கணக்கில் அங்கே நிற்கும் என்று தெரிந்தும் வந்தார். அதை நான் மறக்கவில்லை.

கேரேஜ்காரன் சொல்ல, அந்த இரண்டு பேரும் அகப்பட்டார்கள். ஊருக்கு வெளியே ஒரு பாக்குத் தோட்டத்துக்குள் வண்டியைக் காட்டினார்கள். அடையாளம் சொல்ல என்னைக் கூட்டிப்போனார்கள். இன்ஜின் இல்லை, கதவு இல்லை, சீட்டு இல்லை, வீல் இல்லை. மழைத் தண்ணீர் தேங்கிய வெறும் தகரக் கூடு. பக்கத்துப் புல்லுக்குள் லிவர் செட் மட்டும் முழுசாகக் கிடந்தது. இந்தத் தீவில் வேறு எவனுக்கும் அது தேவைப்படாது. தங்கவேலுக்குத்தான் அது இல்லாமல் முடியாது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

5. கடைசியாகச் சொல்வது

பிள்ளைகளே, என் தொழிலில் நான் கற்றதைச் சொல்லிவிடுகிறேன். கஸ்டமர் கேட்க மாட்டார், இருந்தாலும் சொல்லுங்கள். சாவி சொந்தக்காரன் உடம்போடு இருக்கட்டும், இல்லாவிட்டால் பூட்டிய வீட்டுக்குள் இருக்கட்டும். கப்பல் அவசரம் என்றால் தெரிந்த கடையில் கையில் கொடுத்துவிட்டு ஏறட்டும். திருட்டுப் போனால் இன்சூரன்ஸ்காரர்கள் இரண்டு சாவியையும் மேசை மேல் வைக்கச் சொல்வார்கள். டயர் மேல் வைத்த சாவிக்கு அங்கே மரியாதை இல்லை. தங்கவேலுக்கும் பணம் கிடைக்கவில்லை. பட்டன் அழுத்தி ஸ்டார்ட் செய்கிற புது வண்டியின் சாவியை வாசல் பக்கம் ஆணியில் மாட்டக்கூடாது. உள்ளே மூடி போட்ட தகர டப்பாவில் போட்டு வைத்தால் அதன் சிக்னல் வெளியே போகாது. ஜிபிஎஸ் மாட்டுங்கள், ஆனால் காட்டுப் பக்கம் சிக்னல் இல்லை என்பதையும் சொல்லி மாட்டுங்கள். ஸ்டியரிங்கில் போடுகிற இரும்புப் பூட்டு அசிங்கமாக இருக்கிறது என்பார்கள். அசிங்கமாக இருந்தால்தான் திருடன் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போவான். கண்ணாடியிலும் பெரிய பார்ட்ஸிலும் சேசிஸ் நம்பரைப் பொறித்துவிடுங்கள். நம்பர் உள்ள பார்ட்டை விற்கக் கை நடுங்கும்.

தங்கவேல் புதுக் காலோடு திரும்பி வந்தார். மாதக்கணக்கில் ஆட்டோவில் வைத்தும் நடந்தும் மாவு போட்டார். இரண்டு கடை கைவிட்டுப் போனது. புதுக் காலும் புண்ணாக்க ஆரம்பித்தது. பிறகு எப்படியோ அதே மாடலில் இன்னொரு பழைய கார் வாங்கினார். தானாவிலிருந்து லிவர் செட் திரும்பக் கிடைத்து நான் துடைத்து வைத்திருந்தேன். அதை மாட்டிவிட்டுச் சாவியைத் திருப்பினால் வண்டி அசையவில்லை. ஃபியூஸ் பாக்ஸ் உப்பில் செத்துக்கிடந்தது. பாஸ்கர் வண்டியில் கிடைத்த பாக்ஸோ கேஸ் முடியும் வரை தானாவில்தான்.

"புதுசு சென்னையிலருந்து வரணும் தங்கவேலு."

"கப்பல் எப்பண்ணே?"

"எனக்கு என்ன தெரியும்."

புதுக் காலைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். சரோஜா நாளைக்கும் அரைப்பார், நாளைக்கும் தூக்க வேண்டும்.

"வேற எங்கயாச்சும் பழசு ஒண்ணு பாத்துத் தாங்களேன் அண்ணே. டவுனுக்கு வெளிய கேரேஜ்ல எல்லாம் இருக்குதானே."

எனக்குச் சுருக்கென்றது. வேறு யாராவது கேட்டிருந்தால் கத்தியிருப்பேன். அன்று கத்தத் தெம்பில்லை.

"இருக்கும். உன் வண்டியில கழட்டினதுகூட அப்படித்தான் ஒரு கேரேஜ்ல இருந்துச்சு" என்றேன்.

அவர் லிவரைப் பார்த்தார். கையை அதன் மேல் வைத்து, தள்ளாமல், அப்படியே வைத்திருந்தார்.

"சரி அண்ணே. கப்பல் வரட்டும்" என்றார்.

எழுந்து கண்ணாடிகளை ஏற்றினார். நாலு கதவையும் ஒவ்வொன்றாகப் பூட்டி இழுத்துப் பார்த்தார். ஓடவே ஓடாத வண்டி அது. சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டு, மேலே கையால் ஒரு தடவை தட்டிப் பார்த்துக்கொண்டு, மாவு வாளியைத் தூக்கி இறக்கத்தில் நடந்து போனார்.