பூட்டாமல் விட்ட கதவு

நான் வகுப்பில் ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் ஒரு பிள்ளையைத் துரோகி ஆக்கினேன்.

முல்லைத்தீவில் சரித்திரம் படிப்பித்த காலம். பாடம், கொன்ஸ்தாந்திநோபிளின் வீழ்ச்சி. மத்தியதரைக் கடல் வணிகத்தில் கொழுத்த நகரம். இரட்டை மதில், அகழி, வரிசையாக வாயில்கள். முஸ்லிம்களான துருக்கியரின் பீரங்கிகள் வாரக்கணக்கில் மதிலை உடைத்தன. காவலுக்கு ஆள் போதவில்லை, விழுந்தது. அவ்வளவுதான் வரலாறு. எனக்கோ பிள்ளைகள் வாய் பிளக்க வேண்டும். "உள்ளுக்க இருந்த ஒருத்தன்தான் சின்னக் கதவைத் திறந்து விட்டவன்" என்றேன். சொல்லிவிட்டு, வகுப்பிலிருந்த ஒரேயொரு முஸ்லிம் மாணவனைப் பார்த்துச் சிரித்தேன்.

இடைவேளைக்குள் அவனுக்குப் பெயர் விழுந்துவிட்டது: கதவு திறந்தவன். தகப்பன் வந்து கேட்டபோது, "பகிடிதானே, ஏன் பெரிசாக்கிறியள்?" என்று அனுப்பினேன். பிறகு, தொண்ணூறில், இயக்கம் முஸ்லிம் குடும்பங்களையெல்லாம் ஊரைவிட்டே துரத்தியது. நான் வீட்டுக்குள் இருந்தேன்.

அந்தக் கதவைப் பற்றி அந்தக் காலத்தில் எழுதியவர் ஒருவர்தான். அவரும் அன்று அங்கே இல்லை. காவலர் தாங்களே பாவித்துப் பூட்டாமல் விட்ட கதவு என்றுதான் அவர்கூடச் சொல்கிறார். இதை நான் அப்போதே படித்திருந்தேன். தோற்றவனுக்கு உடைந்த மதிலைவிடத் துரோகி வசதி. இந்த வன்னியில் எத்தனை பேரை இப்படிக் கைகாட்டினோம்!

அந்த மாணவன் யுத்தம் முடிந்தபின் திரும்பி வந்து பஸ் நிலையத்தடியில் பலசரக்குக் கடை போட்டிருக்கிறான். போன மாதம் போனேன். அவனோடு படித்த ஒருவன், தலை நரைத்த மனிதன், "என்ன கதவு திறந்தவர், சீனி இருக்கோ?" என்று இளித்தபடி நின்றான்.

"வாயை மூடடா! கதவை ஒருத்தரும் திறக்கேல்லை. நான் புளுகினனான்."

"இந்த வயசில பாடத்தை மாத்துறியளோ சேர்?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கடைக்காரன் சிரிக்கவில்லை. சீனியை நிறுத்துக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"வாப்பா வந்து கேட்டவர் சேர். அண்டைக்கு அவருக்கு இதைச் சொல்லியிருக்கலாம்."

"இப்ப சொல்லுறன். எங்க இருக்கிறார்?"

"புத்தளத்தில. மையவாடியில அடக்கம்."

பெயர் போகவில்லை. நேற்றும் பஸ் கொண்டக்டர், "கதவு திறந்தவற்ற கடையடி, இறங்குங்கோ!" என்று கத்தினான். நான் பொய் சொன்ன காலத்தில் அவன் பிறந்திருக்கவே மாட்டான். படியில் நின்று அவனுக்கும் முழுவதையும் சொல்லத் தொடங்கினேன்.

"ஐயா, இறங்கிறியளோ இல்லையோ?" என்றான்.