சினை நண்டின் முதுகில்

தையல்நாயகிக்கு விரல்தான் கண். மரக்காணம் உப்பங்கழியில் கழுத்தளவு தண்ணீரில் குந்தி, பனையோலைப் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைத் தடவித் தடவி இறால் பிடிப்பவள். அந்தச் சேற்றின் மேல் இப்போது காக்காழி பாய் விரித்துவிட்டது. எந்த நாட்டுக் கப்பலில் ஒட்டிக்கொண்டு வந்த சனியனோ, கொத்துக் கொத்தாகக் கறுத்த சிப்பி. அது மூடிய இடத்தில் இறால் இல்லை. கை வைத்தால் ரத்தம். அவளுக்கு மிஞ்சியது உப்பளத்து மடையோரம் ஒரு துண்டுச் சேறு. அதுவும் போனால் கூனிமேட்டில் கொண்டுபோய் விற்க ஒன்றுமில்லை. உப்புக்கூடை தூக்க முட்டி கேட்காது.

தினமும் சுரண்டினாள். சுரண்டியதைத் தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துக் கழியிலேயே விட்டாள். வேண்டாததைக் கரையில் சாகவிடாமல் கழிக்கே திருப்பிக் கொடுப்பது அங்கே வழக்கம். குஞ்சு மீனுக்கும் சினை நண்டுக்கும் ஏற்பட்ட மரியாதை இந்தச் சனியனுக்கும் கிடைத்தது. கடல் கொண்டுபோய்விடும் என்று நினைப்பு. மறுநாள் பார்த்தால் முன்னைவிட அதிகம்.

அக்கரைக்காரிகள் வேலைதான் என்று கோபமாகத் தோணியேறிப் போனாள். அங்கேயும் இறால் தடவுகிறவள்தான் சின்னப்பாப்பா. கூடை நிறையக் காக்காழியைத் தண்ணீரில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க்கா, எல்லாத்தையும் எங்க பக்கம் தள்ளி விடுறீங்களே, நியாயமா?"

"நீ மட்டும் என்னாடி பண்றே? தண்ணி வத்துறப்ப நீ விடுறது இங்க வந்து ஒட்டிக்குது. ஏறுறப்ப நான் திருப்பி அனுப்புறேன்."

தையல்நாயகி அவள் கையைப் பார்த்தாள். சின்னப்பாப்பாவின் விரல்களிலும் அதே கீறல்கள். சண்டை போடக்கூட இரண்டு பேருக்கும் தெம்பில்லை.

"இனிமே கரையில கொட்டுவோம்க்கா. ரெண்டு பக்கமும்."

"யாரு சுமக்கிறது?"

"நாமதான். வேற யாரு வர்றாங்க?"

சுமந்தார்கள். கரை நாறியது, ஊர் முணுமுணுத்தது. இடுப்பு விட்டுப்போனது.

ஒரு மதியம் கூடையில் சினை நண்டு ஒன்று சிக்கியது. பழக்கதோஷம், கை தானாக அதைத் தண்ணீருக்குக் கொண்டுபோனது. அப்போதுதான் முதுகைப் பார்த்தாள். பச்சரிசி அளவில் காக்காழிக் குஞ்சுகள். நண்டை விட்டால் இந்தச் சனியனும் சேர்ந்து போகும். விடாவிட்டால் அடுத்த வருஷம் நண்டே இருக்காது. அலுப்பில் அவளுக்கு அழுகையே வந்தது.

கரையில் உட்கார்ந்து நகத்தால் ஒவ்வொன்றாகக் கிள்ளினாள். நண்டு கட்டைவிரலைக் கவ்விப் பிடித்தது.

"உனக்காகத்தாண்டி பண்றேன், சும்மா இரு," என்று அதட்டினாள்.

சுத்தமாக்கித் தண்ணீரில் விட்டுவிட்டு, ரத்தம் வந்த விரலை உதறினாள். அக்கரையில் எதையோ கையில் வைத்துக்கொண்டு குனிந்திருந்த சின்னப்பாப்பா நிமிர்ந்து கத்தினாள்:

"ஏண்டி, உன்னையும் கடிச்சுதா?"