சத்திரசிகிச்சை வாட்டில் கை கழுவிய கதை

காயம் கட்டும் தாதிக்கு ஊசியும் கத்தரிக்கோலும் பிறகுதான். முதல் ஆயுதம் சவர்க்காரம், ஆஸ்பத்திரியில் முதலில் தீர்ந்துபோவதும் அதுதான். கலவரமும் யுத்தமும் போட்டி போட்டுக்கொண்டு ஆட்களை அனுப்பிய வருடங்களில், கண்டிப் பக்கத்து ஆஸ்பத்திரியொன்றில் வேலை பார்த்தேன். கழுவிக் கழுவித் தோல் உரிந்து, சோறு பிசையும்போது கை எரிந்த சக தாதிகளே, உங்களுக்கு இது புரியும்.

அலுமாரிக்குள் சவர்க்காரம்

எங்கள் வாட்டுக்கு ஒரே ஒரு பேசின், அதற்கு ஒரே ஒரு கட்டிச் சவர்க்காரம். அதையும் அலுமாரியில் வைத்துப் பூட்டித் திறப்பைத் தன் பையில் போட்டுக்கொள்வார் கெலிஓயாவிலிருந்து வரும் வாட்டு உதவியாளர் பாரூக் நானா. ஒவ்வொரு கட்டிலுக்கும் இடையில் திறப்பைத் தேடி அவர் பின்னால் ஓடிக் களைத்து, ஒருநாள் வாய்விட்டே ஏசிவிட்டேன். அவர் அசையவில்லை.

"சவுக்காரத்த வெளிய வெச்சா களவு போயிரும் மிஸ்ஸி. கிருமிய ஆரும் களவெடுக்க மாட்டாங்க."

சிப்பாயின் சந்தேகம்

வடக்கில் காயப்பட்ட சிப்பாய் ஒருவர் வந்து சேர்ந்தார். தொடைக் காயம் எத்தனை மருந்து கொடுத்தும் ஆறாமல் சீழ் வைத்தது. எங்களிடமிருந்த எந்த அன்டிபயோட்டிக்குக்கும் அடங்காத கிருமி என்று ஆய்வுகூடம் சொன்னது. அவரைத் தொட்டதும் நான் நேரே பேசினுக்குப் போய்த் தேய்த்துக் கழுவுவேன். என் பெயர் தமிழ்ப் பெயர் என்பது அவருக்குத் தெரியும். பக்கத்துக் கட்டிலில் செல்வராஜ் என்ற தேயிலைத் தோட்டத்துப் பையன். வேலை பார்த்த கடைக்குக் கலவரக்காரர் தீ வைத்தபோது மாடியிலிருந்து குதித்து, எலும்பு தோலைக் கிழிக்கக் காலை முறித்துக்கொண்டவன்.

சிப்பாய் என் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சிங்களத்தில் கேட்டார்: "என்னைத் தொட்டால் அவ்வளவு அருவருப்பா?" கிருமியைப் பற்றிச் சொன்னேன். நம்பவில்லை. "அந்தத் தமிழ்ப் பையனைத் தொட்டாலும் இப்படித்தான் தேய்ப்பீர்களா?" என்றார். ஆமாம் என்றேன். தலையணையில் சாய்ந்துகொண்டார்.

"அப்படியென்றால் பரவாயில்லை."

டொக்டரின் அவசரம்

ஊரடங்கு போட்ட நாளொன்றில் பாதிப் பேர் வேலைக்கு வரவில்லை. வாசலில் காயக்காரர் குவிந்துகொண்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்து டொக்டர் கட்டில் கட்டிலாக ஓடினார். சிப்பாயின் கட்டைப் பிரித்துப் பார்த்த அதே கையோடு செல்வராஜின் காலுக்குத் திரும்பினார். நான் தண்ணீர்க் கோப்பையையும் சவர்க்காரத்தையும் நீட்டிக்கொண்டு குறுக்கே நின்றேன். அவர் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்.

"மிஸ், வெளியில சனம் சாகுது. நான் கையைக் கழுவிக்கொண்டு நிண்டா ஆர் பாக்கிறது?"

தாய் கேட்ட செய்தி

நான்கைந்து நாளில் செல்வராஜுக்குக் காய்ச்சல் கொதித்தது. ஆய்வுகூடம் சொன்னது அதே கிருமியைத்தான். அதன்பிறகு டொக்டர் முழங்கைவரை கழுவாமல் யாரையும் தொடவில்லை. எனக்கு அவரைப் பார்க்க ஆத்திரமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

கடுகண்ணாவைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து செல்வராஜின் தாய் வந்திருந்தார். காயம் கட்ட நேரமாகிவிட்டது என்று எனக்குச் சொல்வதற்காக, பாரூக் நானா தூரத்திலிருந்தே, "மிஸ்ஸி, டொக்டர் கை கழுவிட்டாரு" என்று கூப்பிட்டார். அந்த அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மகனை இனிக் காப்பாற்ற முடியாது என்று டொக்டர் கைவிட்டதாக அவருக்கு அர்த்தமாகியிருக்கிறது. கையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய், பேசினருகே நுரையோடு நின்ற டொக்டரைக் காட்டினேன். மகனைத் தொடுமுன் தாயும் அப்படித்தான் கழுவ வேண்டும், சேலையில் துடைக்கக்கூடாது என்று சொல்லிக்கொடுத்தேன். ஒழுங்காகக் கழுவிவிட்டுச் சொன்னார்:

"கைய எத்தன தரம் வேணாலும் கழுவுங்க. எம்புள்ளய மட்டும் கை கழுவிறாதீங்க மிஸ்ஸி."

கடைசியாகக் கழுவியவர்

கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டது. காலை வெட்டி எடுத்தும் பையனின் உயிர் தங்கவில்லை. அன்று மத்தியானம் தாய் வந்தபோது வாட்டு வாசலிலேயே நிறுத்தி விஷயத்தைச் சொன்னேன். அழுது விழுவார் என்று தாங்கிப் பிடிக்கத் தயாராக நின்றேன். அவர் என்னைத் தாண்டி நேரே பேசினுக்குப் போனார். விரலிடுக்கு, நகக்கண், முழங்கை எல்லாம் நிதானமாகக் கழுவினார். துடைக்கவில்லை. தண்ணீர் சொட்டும் கைகளை முன்னால் நீட்டியபடி மகனின் கட்டிலருகே போய் நின்று, என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இப்ப தொடலாங்களா மிஸ்ஸி?"

இத்தனை வருடச் சேவையில் நான் கண்டது இவ்வளவுதான்: நெருப்புக்கும் குண்டுக்கும் தப்பி எங்களிடம் வருகிறவர்கள், அதற்குப் பிறகு எங்கள் கைக்கும் தப்ப வேண்டியிருக்கிறது.